செலாயாங் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரப் போகலாமா?

கோலாலம்பூரில் இரண்டாம் ஆண்டு கணக்கியல் படிக்கும் தங்கை ஒருவர் கேட்டிருக்கிறார்: செலாயாங் மொத்தச் சந்தைக்குப் பக்கத்தில், ஒரு கடைவீட்டு மாடியில் மியன்மார் குடும்பங்களின் பிள்ளைகளுக்காக நடக்கும் கற்றல் மையத்துக்குச் சனிக்கிழமைதோறும் போய் உதவ நினைக்கிறேன்; எனக்கு ஆசிரியர் பயிற்சி இல்லை, அவர்கள் மொழி தெரியாது, சட்டச் சிக்கலில் மாட்டிக்கொள்வாயோ என்று அம்மா பயப்படுகிறார், போகலாமா? சட்டம், மொழி என்று கேள்வி பரந்து கிடந்தாலும், அவருடைய கடைசி வரியில்தான் விஷயம் இருக்கிறது. "நான் போவதால் அந்தப் பிள்ளைகளுக்கு உண்மையிலேயே ஏதாவது கிடைக்குமா, இல்லை என் மனத்திருப்திக்குத்தானா?" என்று கேட்கிறார். அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கிடைக்கும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: அதே நேரத்துக்கு, அதே நான்கைந்து பிள்ளைகளிடம், ஒரே ஒரு சிறிய வேலையைச் செய்யப் போகவேண்டும். எப்போது நிறுத்தப் போகிறீர்கள் என்பதையும் முன்பே சொல்லிவிடவேண்டும். இதற்கு நீங்கள் தயார் என்றால் மற்ற சந்தேகங்கள் எல்லாம் தீர்க்கக்கூடியவை.

நான் தமிழ்ப்பள்ளியில் குறைநீக்கல் வகுப்பு ஆசிரியையாக இருந்தவள். எழுத்துக் கூட்டத் தெரியாமல் மூன்றாம் ஆண்டுக்கு வந்துவிட்ட பிள்ளைகள்தான் என் மாணவர்கள். ஓய்வுக்குப் பிறகு அதே வேலையைக் கோலாலம்பூரின் அகதிப் பிள்ளைகளுக்கான மையங்களில் செய்கிறேன், புதிதாக வரும் மாணவத் தன்னார்வலர்களைப் பழக்குகிறேன். வாசிப்பு பற்றி நான் சொல்வதை நம்பி எடுத்துக்கொள்ளலாம். நான் வழக்கறிஞரோ மனநல ஆலோசகரோ அல்ல; அந்த இடங்களில் எனக்குத் தெரிந்த எல்லையோடு நிறுத்திக்கொள்கிறேன்.

முதலில், அந்த மாடிக்கு வரும் பிள்ளைகள் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். 'வெளிநாட்டுக்காரர் பிள்ளைகள்' என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம், ஆனால் அவர்களின் நிலை ஒன்றல்ல. மியன்மாரிலிருந்து தப்பி வந்த ரோஹிங்யா, சின் இனக் குடும்பங்களின் பிள்ளைகள் சிலரிடம் 'யூஎன் கார்டு' இருக்கும். அது ஐநா அகதிகள் ஆணையம் தரும் அட்டை. 1951 அகதிகள் உடன்படிக்கையில் மலேசியா கையெழுத்திடாததால், அந்த அட்டை இந்த நாட்டில் தங்கும் உரிமையையோ வேலை செய்யும் உரிமையையோ தருவதில்லை. அரசு மருத்துவமனையில் வெளிநாட்டவர் கட்டணத்தில் பாதி தள்ளுபடி கிடைக்கும், அரசுப் பள்ளியில் இடம் கிடைக்காது. அடுத்தது, தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் கட்டுமானத்திலும் வேலை செய்யும் அந்நியத் தொழிலாளர்களின் பிள்ளைகள். அவர்களுக்குத் தரப்படும் தற்காலிக வேலை அனுமதி, குடும்பத்தை அழைத்து வரவும் இங்கே திருமணம் செய்துகொள்ளவும் இடம் தருவதில்லை. ஆனாலும் குடும்பங்கள் உருவாகின்றன, குழந்தைகள் பிறக்கின்றன, அடையாளப் பத்திரம் இல்லாமல் வளர்கின்றன. குழந்தை உரிமை உடன்படிக்கையில் மலேசியா 1995இல் சேர்ந்தபோதே சில விதிகளுக்கு உட்படமாட்டோம் என்று ஒதுக்கி வைத்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கட்டாயத் தொடக்கக் கல்வி என்ற விதி அவற்றில் ஒன்று, இன்னும் அப்படியே இருக்கிறது. 2003 முதல் இங்கே தொடக்கக் கல்வி கட்டாயம்தான், ஆனால் அது குடியுரிமை உள்ள பிள்ளைகளுக்கு. அதனால்தான் கடைவீட்டு மாடிகளிலும் தேவாலயக் கூடங்களிலும் சூராவ் என்னும் சிறு தொழுகைக் கூடங்களிலும் இந்த மையங்கள் நடக்கின்றன.

மூன்றாவதாக ஒரு வகை இருக்கிறது. தமிழ் பேசும் தன்னார்வலர் கண்ணில் இது பட வாய்ப்பு அதிகம் என்பதால் தனியாகச் சொல்கிறேன். அப்பா நம் ஊர்க்காரராக இருப்பார், அம்மா வெளிநாட்டவர், திருமணம் பதிவு ஆகியிருக்காது. அப்படிப்பட்ட பிள்ளை சட்டப்படி தாயின் நிலையைத்தான் பெறுகிறது. பார்த்தால் நம் வீட்டுப் பிள்ளை போலவே இருக்கும், தமிழும் பேசும், மைகார்டு என்னும் மலேசிய அடையாள அட்டை மட்டும் கிடையாது. இந்தப் பிள்ளைகளில் சிலருக்கு அரசுப் பள்ளிக்குள் போக வழி உண்டு. தந்தை மலேசியர் என்று காட்ட முடிந்தால் கல்வி இலாகாவில் விண்ணப்பிக்கலாம். டிஎச்ஆர்ஆர்ஏ மலேசியா போன்ற அமைப்புகள் குடியுரிமைப் பத்திரங்களுக்குப் பல ஆண்டுகளாக உதவி வருகின்றன. நீங்களே பாரம் நிரப்பிக் கொடுக்கவேண்டாம். "இந்தப் பிள்ளையின் அப்பா இங்கத்தியவர் போல, விசாரித்தீர்களா?" என்று மையப் பொறுப்பாளரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தையால் பள்ளிச் சீருடை போட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இனி அம்மாவின் பயம். ஒரு அமைப்பின் கீழ் நடக்கும் மையத்தில் பாடம் சொல்லிக் கொடுத்ததற்காக ஒரு மலேசிய மாணவர் மீது வழக்கு வந்து நான் பார்த்ததில்லை. ஆனால் குடிநுழைவுச் சட்டத்தில், பத்திரமில்லாதவருக்கு அடைக்கலம் கொடுப்பது குற்றம். அதனால் மையத்துக்குள் பாடம் நடத்துவது வேறு, ஒரு குடும்பத்தை உங்கள் வாடகை வீட்டில் தங்க வைப்பதோ பிள்ளையைக் காரில் ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றுவதோ வேறு. இரண்டாவதைச் செய்யாதீர்கள். சாலைத் தடுப்பில் நிறுத்தினால் உங்களுக்கு ஒரு மணி நேரத் தொல்லை, அந்தப் பிள்ளைக்குத் தடுப்பு முகாமே கிடைக்கலாம். 2020 மே மாதம், கோவிட் கால நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்பில் இருந்தபோதே, மஸ்ஜித் இந்தியா வட்டாரத்திலும் செலாயாங்கிலும் பெரிய சோதனைகள் நடந்தன. அந்தக் குடும்பங்கள் அதை மறக்கவில்லை. சீருடைக்காரர் வந்தால் யார் பேசுவது, பிள்ளைகளோடு யார் இருப்பது என்று மையத்தில் ஒரு முறை வகுத்திருப்பார்கள். முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். (இதைப் படிக்கும் வேறு யாராவது மாணவர் அனுமதியில் இங்கே படிக்கும் வெளிநாட்டவராக இருந்தால், உங்கள் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் பிரிவில் கேட்காமல் எதையும் தொடங்காதீர்கள்.)

அம்மாவிடம் இன்னொன்றும் சொல்லலாம். நம் தாத்தா பாட்டி காலத்துத் தோட்டப் பள்ளிகள் எப்படி வந்தன? கூட்டரசு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் ஒரு பள்ளி வைக்கவேண்டும் என்றது. பல தோட்டங்களில் பயிற்சி பெற்ற ஆசிரியர் யாரும் இல்லை. கொஞ்சம் எழுதப் படிக்கத் தெரிந்த கிராணியோ (தோட்ட எழுத்தர்) கங்காணியோ ஒரு கொட்டகையில் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். அந்தக் கொட்டகையில் தொடங்கியவர்களின் பேரப்பிள்ளைகள்தான் நாம், இன்று பல்கலைக்கழகம் வரை வந்திருக்கிறோம். என் தாயார் படித்ததும் அப்படிப்பட்ட ஒரு பள்ளியில்தான். அதனால் பயிற்சி இல்லாதவர் சொல்லிக் கொடுத்தால் என்ன ஆகும் என்ற கேள்வி எனக்குப் புதிதல்ல. முறையாகச் செய்தால் ஆகும்.

முறை என்றால் என்ன என்று சொல்கிறேன், இதுதான் நீங்கள் உண்மையில் கையில் எடுக்கப்போகும் வேலை. மையத்து வகுப்பில் ஒன்பது வயதுப் பிள்ளையும் பதின்மூன்று வயதுப் பையனும் ஒரே பெஞ்சில் இருப்பார்கள். வயதைப் பார்க்காதீர்கள், எதுவரை படிக்கத் தெரிகிறது என்று பாருங்கள். இந்தியாவில் பிரதம் என்ற அமைப்பு கிராமப் பிள்ளைகளுக்குப் பயன்படுத்தும் சோதனை மிக எளிது: ஒரே தாளில் எழுத்துகள், சொற்கள், ஒரு சிறு பத்தி, ஒரு குட்டிக் கதை. பிள்ளை எந்த இடத்தில் தடுமாறுகிறதோ அங்கிருந்து தொடங்குவார்கள். வகுப்பையும் வயதையும் விட்டுவிட்டு நிலையைப் பார்த்துக் குழு பிரிப்பது பலன் தருகிறது என்பது அங்கே பெரிய அளவில் சோதித்துப் பார்க்கப்பட்ட விஷயம், பயிற்சி பெற்ற ஆசிரியர் அல்லாத உள்ளூர் இளைஞர்களை வைத்தும் செய்திருக்கிறார்கள். மலாயில் அப்படி ஒரு தாளை ஒரு மாலையில் நீங்களே தயாரித்துவிடலாம். ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக ஐந்து நிமிடம் படிக்கச் சொல்லிக் கேளுங்கள், திருத்தாதீர்கள், குறித்துக்கொள்ளுங்கள். முதல் சனிக்கிழமைக்கு அது போதும்.

எந்த மொழியில் தொடங்குவது? மையங்களில் பெரும்பாலும் ஆங்கிலமும் மலாயும்தான். மையம் எதைச் சொல்கிறதோ அதைச் செய்யுங்கள். உங்களிடம் விட்டால் படிக்கத் தொடங்காத பிள்ளைக்கு மலாயில் தொடங்கச் சொல்வேன். செலாயாங் பிள்ளைகள் சந்தையிலேயே மலாய் பேசக் கற்றுக்கொள்கிறார்கள், காதுக்குப் பழகிய மொழி. எழுத்தும் ஒழுங்கானது: பு-கு, பா-ஜு, கா-கி என்று அசை அசையாகக் கூட்டினால் சொல் வந்துவிடும். 'e' என்ற ரோமன் எழுத்துக்கு மட்டும் இரண்டு ஒலி உண்டு, அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆங்கிலம் என்றால் 'ஏ, பி, சி' என்று பெயர் சொல்லி மனப்பாடம் பண்ண வைக்காதீர்கள், அது அந்தப் பிள்ளைகளுக்கு ஏற்கனவே தெரியும். எழுத்தின் ஒலியைச் சொல்லி, s, a, t, p, i, n ஆகிய ஆறு எழுத்துகளை மட்டும் வைத்துக் குட்டிச் சொற்கள் கூட்ட வையுங்கள். அந்த ஆறில் கிடைக்கும் சொற்களே முதல் சில வாரங்களுக்கு வேலை கொடுக்கும். ஒவ்வொரு வாரமும் முந்தைய வாரம் படித்ததையே முதலில் படிக்க வையுங்கள். புதியதைக் கொண்டு வர உங்களுக்குக் கை துறுதுறுக்கும். அந்தப் பிள்ளைக்கோ, தடுமாறாமல் ஒரு பக்கம் படித்து முடிப்பதுதான் பெரிய விஷயம். மதராசாவில் ஓதிப் பழகிய ரோஹிங்யாப் பிள்ளைகள் கூட்டாகச் சொல்வதில் கெட்டிக்காரர்கள். நீங்கள் பாதி வரி சொன்னால் மீதியைப் பாடிவிடுவார்கள். அதை வாசிப்பு என்று எண்ணிவிடாதீர்கள். வரிசையை மாற்றி, நடுவிலிருந்து ஒரு சொல்லைத் தொட்டுக் கேட்டால்தான் உண்மை தெரியும்.

வீட்டோடு பேசும் வழியும் குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். சின் மொழிகள் ரோமன் எழுத்தில் எழுதப்படுபவை. அதனால் புடு, இம்பி பக்கம் இருக்கும் சின் பெற்றோர் பலர் பிள்ளையின் எழுத்தைப் பார்த்து உதவ முடியும். வீட்டுக்கு ஒரு தாள் கொடுத்து அனுப்பலாம். ரோஹிங்யா தாய்மார் பலருக்குப் பள்ளிக்கூடமே மறுக்கப்பட்ட வாழ்க்கை, தாள் அனுப்பினால் அவர்களுக்குச் சங்கடம். மையத்தின் வாட்ஸ்அப்பில், அவர்கள் மொழி பேசும் ஆசிரியை மூலமாக, "இன்று உங்கள் மகள் நான்கு வரி தானாகப் படித்தாள்" என்று ஒரு குரல் பதிவு போகட்டும். அடுத்த வாரம் அந்தப் பிள்ளை நேரத்துக்கு வரும். அந்தச் சமூகத்து ஆசிரியையைப் பற்றி ஒன்று சொல்லியாகவேண்டும். பெரும்பாலும் அவரும் அகதிதான், வாரம் முழுக்க அந்த வகுப்பைச் சுமப்பவர் அவர். நீங்கள் பல்கலைக்கழக மாணவி என்பதால் பிள்ளைகள் முன்னால் அவரைத் திருத்தவேண்டாம். மலாயில் 'சிக்கு' (cikgu) என்றோ தமிழில் 'ஆசிரியை' என்றோ பிள்ளைகள் எப்படி அழைக்கிறார்களோ அதே மரியாதையோடு நீங்களும் அழையுங்கள், அவரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

கணக்கு உங்கள் துறைக்கு அருகில் இருப்பதால் அதில் இறங்க ஆசை வரும். சந்தையில் அப்பாவோடு நிற்கும் பையன்களுக்கு மனக்கணக்கு நன்றாக வரும், காகிதத்தில் எழுதினால் இடமதிப்பில் தவறும். பத்து வெள்ளி, ஒரு வெள்ளி, பத்து சென் வைத்துத் தொடங்கினால் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள்.

இப்போது அந்த நிபந்தனைக்கு வருகிறேன். உங்கள் பருவம் 14 வாரம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம் வரை வருவேன், பிறகு தேர்வு, வரமாட்டேன் என்று முதல் நாளே மையத்திடமும் பிள்ளைகளிடமும் சொல்லுங்கள், நாட்காட்டியில் காட்டுங்கள். இந்தப் பிள்ளைகளின் வாழ்க்கையில் ஆட்கள் சொல்லாமல் மறைவது சாதாரணம்: அப்பா பிடிபடுவார், தோழியின் குடும்பம் இரவோடு இரவாக வீடு மாறும், ஆசிரியர் அகதியாக ஏற்கும் மூன்றாம் நாடு ஒன்றில் குடியேறப் போய்விடுவார். அதில் இன்னொருவராக நீங்கள் சேரக்கூடாது. மூன்று வாரம் உற்சாகமாக வந்து, பரிசுப் பொட்டலம் கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு காணாமல் போகும் குழுக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் போன பிறகு அடுத்த தன்னார்வலரிடம் பிள்ளைகள் முகம் கொடுக்க மாதக்கணக்கில் ஆகிறது. பன்னிரண்டாம் வாரம் வரை வரமுடியுமா என்று சந்தேகம் இருந்தால் பிள்ளைகளிடம் போகவேண்டாம். வாசிப்புத் தாள் அச்சடிப்பது, நூல்களை நிலை பார்த்துப் பிரிப்பது, மையத்தின் வரவு செலவுக் கணக்கை ஒழுங்குபடுத்துவது என்று வேலை கிடக்கிறது. கணக்கியல் மாணவி ஒருவர் கணக்கைச் சரிசெய்து கொடுத்தால், அடுத்த நன்கொடையாளரிடம் காட்ட அந்த மையத்துக்கு ஒரு தாள் கிடைக்கும். பிள்ளைகளோடு உட்காருவதற்கு அது எந்த விதத்திலும் குறைந்ததல்ல.

இதுவரை சொன்னதில் பெரும்பகுதி உறுதியாகச் சொல்லக்கூடியது. உறுதியாகச் சொல்ல முடியாதவையும் உண்டு. வாரத்தில் இரண்டு மணி நேரம் ஒரு பிள்ளையின் எதிர்காலத்தை மாற்றுமா என்றால் ஆம் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. பன்னிரண்டு வயதில் பையன் சந்தை வேலைக்கோ பழைய இரும்புக் கடைக்கோ போய்விடுவான். பெண் பிள்ளையைத் தம்பி தங்கைகளைப் பார்க்க வீட்டில் நிறுத்துவார்கள், சிலருக்குச் சிறு வயதிலேயே திருமணம் பேசிவிடுவார்கள். அதற்கு முன் படிக்கத் தெரிந்திருந்தால் மருந்துச் சீட்டையும் சம்பளக் கணக்கையும் படிப்பார்கள், அதுவரை என்னால் சொல்ல முடியும். தாய்மொழியில் முதலில் படித்தால் மற்ற மொழிகள் எளிது என்பதில் கல்வியாளர்களிடம் ஆதரவு அதிகம். செலாயாங் மாடி ஒன்றில் மூன்று தாய்மொழிப் பிள்ளைகள் கலந்திருக்கும்போது அதை எப்படிச் செய்வது என்பதில் மையங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. படம் வரைதலும் பாட்டும் பிள்ளைகளின் மனக்காயத்தை ஆற்றும் என்று சிலர் சொல்வார்கள். பிள்ளைகள் சந்தோஷமாக வரைகிறார்கள் என்பதற்கு மேல் நான் எதுவும் சொல்லமாட்டேன். வரையட்டும். ஆனால் "உன் ஊரை வரை", "கப்பலை வரை" என்று நீங்கள் தலைப்புக் கொடுக்காதீர்கள். எப்படி வந்தாய், அப்பா எங்கே என்றும் கேட்காதீர்கள். தானாகச் சொன்னால் கேளுங்கள்.

தானாகச் சொல்வது சில நேரம் பாரமான விஷயமாக இருக்கும். யாராவது அடிக்கிறார்கள், தொடுகிறார்கள் என்று பிள்ளை சொன்னால், "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். துருவித் துருவிக் கேட்காதீர்கள். பிள்ளை சொன்ன சொற்களிலேயே எழுதி வைத்து, அன்றைக்கே மையத்தின் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். 2017ஆம் ஆண்டின் சிறாருக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டப்படி, பிள்ளைக்கு எதிரான பாலியல் குற்றம் தெரிந்தும் தகவல் கொடுக்காமல் இருப்பதே 5,000 ரிங்கிட் வரை அபராதம் உள்ள குற்றம், பிள்ளை எந்த நாட்டுப் பிள்ளையாக இருந்தாலும். தாலியான் காசே என்னும் அரசு உதவித் தொலைபேசி 15999 இருபத்து நான்கு மணி நேரமும் உண்டு. பத்திரமில்லாத குடும்பத்துக்குப் புகார் கொடுப்பதே ஆபத்து என்பதால், எப்படிக் கொடுப்பது என்பதை அனுபவமுள்ளவர்களோடு சேர்ந்து முடிவு செய்யவேண்டும், தனியாக அல்ல. ஆனால் கொடுக்காமல் விடக்கூடாது.

மற்றவை சுருக்கமாக. ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக இருக்காதீர்கள். உங்கள் கைப்பேசி எண்ணைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். முகம் தெரியும் படத்தையோ மையத்தின் வாசலையோ இன்ஸ்டாகிராமில் போடாதீர்கள், வாழ்த்து வாங்கும் அந்தப் படமே சோதனைக்கு வழிகாட்டலாம். ஒரு குடும்பத்துக்கு மட்டும் பணம் கொடுத்தால் அடுத்த வீட்டோடு அவர்களுக்குச் சண்டை வரும், கொடுப்பதை மையத்தின் வழியாகக் கொடுங்கள். "நீ அமெரிக்கா போய்ப் பெரிய ஆளாவாய்" என்று ஊக்கம் கொடுக்க நினைக்காதீர்கள். 2025 ஜனவரியில் அமெரிக்கா அகதிகளை ஏற்பதை நிறுத்தியபோது, பல ஆண்டுகளாகக் காத்திருந்த குடும்பங்கள் இங்கேயே நின்றுவிட்டன, பிள்ளைகளுக்கு அது நன்றாகவே தெரியும்.

அடுத்து என்ன செய்வது என்றால், இந்தச் சனிக்கிழமை பாடம் நடத்தப் போகாதீர்கள், பார்க்கப் போங்கள். முடிந்தால் அம்மாவையும் கூட்டிப் போங்கள், அவர் கேட்கவேண்டியதை அவரே கேட்கட்டும். மையம் எந்த அமைப்பின் கீழ் நடக்கிறது, பிள்ளைகள் பாதுகாப்புக்கு எழுதப்பட்ட விதிகள் உண்டா, அசம்பாவிதம் நடந்தால் யாரிடம் சொல்வது என்று கேளுங்கள். நல்ல மையம் உங்களையும் கேள்வி கேட்கும். அடையாள அட்டை நகல் கேட்பார்கள், நடத்தை விதியில் கையெழுத்து வாங்குவார்கள், பிள்ளைகளுக்கு எதிராகக் குற்றம் செய்தவர்களைப் பற்றிய சமூகநல இலாகாவின் பதிவேட்டில் உங்கள் பெயரைச் சரிபார்க்கவும் செய்யலாம். கோபப்படாமல் கொடுங்கள். எதுவுமே கேட்காமல், வந்த உடனே ஒரு வகுப்பறையைக் காட்டி "போய் உட்காருங்கள்" என்று உங்களைப் பிள்ளைகளோடு தனியாக விட்டுவிட்டால், நன்றி சொல்லிவிட்டு வேறு மையம் தேடுங்கள். கோலாலம்பூர் வட்டாரத்தில் அம்பாங், கோம்பாக், புடு என்று பல இடங்களில் இருக்கின்றன, உங்கள் பல்கலைக்கழகத் தொண்டூழிய மன்றத்திலேயே விவரம் கிடைக்கும். சேர்ந்த பிறகு அந்த மலாய்த் தாளைத் தயாரிப்பதில் சிக்கல் வந்தால் இங்கேயே எழுதுங்கள், எந்தச் சொற்களில் தொடங்குவது என்று பட்டியல் போட்டுத் தருகிறேன்.